கலப்பை நிலை இல்லாத பலகை: ஸ்னோபோர்டின் தொடக்கப் பாடம் உருவான வரலாறு

ஸ்னோபோர்டின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பலகையைச் செய்தவர்களையும் பந்தயங்களில் வென்றவர்களையுமே பின்தொடர்ந்திருக்கிறார்கள். இரு கால்களையும் ஒரே அகன்ற பலகையின் மேல் குறுக்குவாட்டில் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் இந்த விளையாட்டைப் புதியவர் ஒருவர் எவ்வாறு கற்றார், அவருக்கு யார் கற்பித்தார்கள், எந்தக் கட்டாயத்தால் அதற்கென ஒரு பாடமுறை தோன்றியது என்னும் கேள்விகள் அந்நூல்களின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அமெரிக்காவின் ஸ்கீ தலங்கள், அதாவது லிஃப்டுகளும் சீர்செய்யப்பட்ட சரிவுகளும் கொண்டு கட்டணத்திற்கு இயங்கும் மலைத்தலங்கள், 1980களில் இப்பலகைக்கு இடங்கொடுத்ததற்குச் சாம்பியன்களின் திறமையைக் காட்டிலும், புதியவரையும் அடங்கிய வேகத்தில் கீழே இறக்க முடியும் என்ற உறுதி பிறந்ததே முதன்மையான காரணம் எனலாம். அந்த உறுதியைத் தந்தது தொடக்கப் பாடம். அப்பாடத்தின் வேர்கள் ஸ்னோபோர்டுக்கு எழுபது, எண்பது ஆண்டுகள் முற்பட்ட ஆஸ்திரியாவின் ஸ்கீ பள்ளிகளில் இருக்கின்றன.

நார்வேயில் நெடுங்காலமாக நடைச்சாதனமாகப் புழங்கிவந்த ஸ்கீயை ஆல்ப்ஸ் மலையின் செங்குத்தான சரிவுகளுக்கு ஏற்றதாக்கியவர்களுள் முதன்மையானவர் மொராவியாவில் பிறந்து ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் குடியேறிய மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி (1856–1940). கிரீன்லாந்தை ஸ்கீயில் குறுக்காகக் கடந்த நான்சனின் பயணநூல் அவரைத் தூண்டியது. ஆனால் நார்வேயின் நீண்ட ஸ்கீகள் ஆல்ப்ஸ் சரிவுகளில் திரும்ப மறுத்ததைக் கண்ட அவர், குட்டையான ஸ்கீகளையும் உறுதியான காலணிப் பிணைப்பையும் தாமே வடிவமைத்து, 1896–97இல் ஒரு நுட்பநூலையும் வெளியிட்டார். ஒற்றைக் கோலை ஊன்றியபடி, ஒரு ஸ்கீயின் பின்முனையை வெளிப்புறமாகத் தள்ளிச் சாய்த்துத் திரும்புவதே அவரது முறை. அவரிடம் பயின்ற தியோடர் ஃபான் லெர்க் என்னும் இராணுவ அதிகாரி 1911 ஜனவரியில் ஜப்பானின் தகாடாவில் அந்நாட்டு வீரர்களுக்கு ஸ்கீ கற்பித்ததால், ஜப்பானிய ஸ்கீயும் ஒற்றைக் கோலோடுதான் தொடங்கிற்று.

ஸ்டார்ஸ்கி கற்பித்தலுக்குக் கூலி வாங்கவில்லை. அதை ஒரு தொழிலாகவும் நிறுவனமாகவும் ஆக்கியவர் ஹானெஸ் ஷ்னைடர் (1890–1955). ஆர்ல்பெர்க் கணவாயை ஒட்டிய ஸ்டூபன் என்னும் சிற்றூரில் பிறந்து, 1907இல் பக்கத்து ஊரான சாங்க்ட் ஆன்டனின் ஹோட்டல் ஒன்றில் விருந்தினர்களுக்கு ஸ்கீ கற்பிக்கும் பணியில் சேர்ந்த அவர், முதல் உலகப்போரில் மலைப்படையினரைப் பயிற்றுவித்து, போர் முடிந்த பின் தம் பள்ளியை முறைப்படுத்தினார். ஆர்ல்பெர்க் முறை என்று பெயர்பெற்ற அவரது பாடத்தில் இரண்டு கூறுகள் நிலைத்துநின்றன. ஒன்று, மாணவர்களைத் திறமைவாரியாக வகுப்புகளாகப் பிரித்து, ஒரு படியில் தேர்ந்தவரை மட்டும் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது. மற்றொன்று, எல்லாரையும் கலப்பை நிலையில் தொடங்கவைப்பது: ஸ்கீகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றி, உள்விளிம்புகள் இரண்டாலும் பனியைத் தள்ளியபடி மெல்ல இறங்கும் இந்நிலை, பாதையில் கிடக்கும் பனியை ஒதுக்கும் கலப்பையின் வடிவில் இருப்பதால் அப்பெயர் பெற்றது. அகற்றினால் வேகம் குறையும், நெருக்கினால் கூடும், ஒரு காலில் அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். முதல் நாளிலேயே நிற்கவும் திரும்பவும் ஒரே நிலையைக் கொண்டு கற்றுவிடலாம் என்பதுதான் ஆர்ல்பெர்க் முறை உலகெங்கும் பரவியதன் இரகசியம்.

1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டவுடன் ஷ்னைடர் கைதுசெய்யப்பட்டார். அமெரிக்க வங்கியாளர் ஹார்வி கிப்சனின் முயற்சியால் 1939இல் நியூ ஹாம்ப்ஷயரின் நார்த் கான்வேக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே அவரது மாணவர்கள் சிலர் அங்கு பள்ளி நடத்திவந்தனர். 1934 ஜனவரியில் வெர்மான்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில், ஒரு பண்ணைச் சரிவில், ஃபோர்டு மாடல் டி வண்டியின் எஞ்சினால் சுழலும் கயிற்றைப் பற்றிக்கொண்டு மேலேறும் இழுகயிறு அமெரிக்காவில் முதன்முறையாக இயங்கியது. மலையேறும் உழைப்பு ஒழிந்ததும் வந்தவர்களின் தொகை பெருகிற்று. பெருகியவர்களுள் பெரும்பாலோர் கற்றுக்குட்டிகளாக இருந்ததால், லிஃப்டும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கும் வணிகம் உருவாயிற்று. 1961இல் தொழில்முறை ஸ்கீ பயிற்றுநர்களுக்கான தேசியச் சங்கம் அமைந்தபோது, பயிற்றுநருக்கான தேர்வு, சான்றிதழ், படிநிலை என்று ஒரு முழு ஏற்பாடு கைவசம் இருந்தது. பின்னாளில் ஸ்னோபோர்டு வந்து மோதியது இந்த ஏற்பாட்டின் மீதுதான்.

ஸ்னோபோர்டின் முன்னோடியோ கற்பித்தல் என்பதையே அறியாத ஒரு விளையாட்டுப்பொருள். மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் வாழ்ந்த ஷெர்மன் பாப்பன் என்பவர் 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தம் பெண்குழந்தைகள் வீட்டின் பின்புறச் சரிவில் நின்றபடி சறுக்கட்டும் என்று இரண்டு ஸ்கீகளைப் பக்கவாட்டில் இணைத்துக் கொடுத்தார். அவருடைய மனைவி அதற்கு ஸ்னர்ஃபர் என்று பெயரிட்டார். பிரன்ஸ்விக் நிறுவனம் உரிமம் பெற்று அதை மலிவாகச் செய்து இலட்சக்கணக்கில் விற்றது. அதில் கால்களைப் பிணைக்கும் வாரோ, எஃகு விளிம்போ கிடையாது. முன்முனையில் கட்டிய ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்வதுதான் சறுக்குபவருக்கு இருந்த ஒரே பிடிமானம். விழுந்தால் கால்கள் தாமாகவே விடுபட்டன. பனி ஆழமாகவும் மென்மையாகவும் இருந்த இடத்தில்தான் அது ஓடியது என்பதால் அடியும் பலமாகப் படவில்லை. இத்தகைய பொருளுக்கு ஆசிரியர் தேவைப்படாததில் வியப்பில்லை.

1970களில் இதைக் கருவியாக மாற்றியவர்களும் தாமே கற்றவர்கள்தான். யூட்டாவில் திமித்ரி மிலோவிச் ஆழ்பனிக்கென விண்டர்ஸ்டிக் பலகைகளைச் செய்தார். நியூ ஜெர்சியில் பள்ளியின் மரவேலை வகுப்பிலேயே ஒரு பனிப்பலகையைச் செய்து பார்த்த டாம் சிம்ஸ் பின்னர் கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்கேட்போர்டின் உடல்மொழியைப் பனிக்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் ஸ்னர்ஃபரில் சறுக்கிய ஜேக் பர்ட்டன் கார்பென்டர் 1977இல் வெர்மான்டின் லண்டன்டெரியில் தொழில் தொடங்கி, காலைப் பலகையோடு கட்டும் பிணைப்பைச் சேர்த்தார். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு அவர் பிணைப்புள்ள பலகையோடு வந்தபோது, அது விதிக்குப் புறம்பு என்று சிலர் முறையிட, அவருக்காகத் தனிப்பிரிவு ஒன்றே திறக்க வேண்டியதாயிற்று. கால் பிணைக்கப்பட்டவுடன் பலகையைச் சாய்த்துத் திருப்பும் ஆற்றல் கைகூடியது. கூடவே, விழும்போது விடுபடும் பாதுகாப்பு போயிற்று. தொடக்கப் பாடம் ஒன்று தேவை என்ற நிலை உண்மையில் அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது என்று கொள்ளலாம். அதை எவரும் உடனே உணரவில்லை. ஸ்கீ தலங்கள் இவர்களை உள்ளே விடாததால், மலையில் கால்நடையாக ஏறி, யாரும் சீர்செய்யாத பனியில் இறங்கினார்கள். அந்தப் பனி பிழைகளை மன்னித்தது.

சீர்செய்யப்பட்டு இறுகிய சரிவு அப்படி மன்னிப்பதில்லை. இங்கேதான் ஸ்கீ பள்ளியின் பழைய அறிவு கைவிட்டது. இரு கால்களும் தனித்தனி ஸ்கீயில் இருப்பவர் அவற்றை ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்த்துக் கலப்பையாக்கலாம்; ஒரே பலகையில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. பலகைக்கு இரண்டு விளிம்புகள்: குதிகால் பக்கத்து விளிம்பு ஒன்று, விரல் பக்கத்து விளிம்பு ஒன்று. எந்நேரமும் இவற்றுள் ஒன்றுதான் பனியைப் பற்றியிருக்க வேண்டும். மற்றது, அதிலும் சரிவின் கீழ்ப்பக்கம் இருப்பது, சற்றே உயர்ந்திருக்க வேண்டும். புதியவர் அஞ்சி உடலை நிமிர்த்தும் கணத்தில் பலகை தட்டையாகிறது. உயர்ந்திருந்த கீழ்விளிம்பு பனியில் செருகுகிறது. பலகை நின்றுவிட, உடல் நிற்காமல் சரிவின் கீழ்நோக்கி வீசப்படுகிறது. கீழே பார்த்து நிற்பவராயின் கைகளும் முழங்கால்களும் மோதும். மேலே பார்த்து நிற்பவராயின் முதுகும் பின்தலையும் மோதும். பயிற்றுநர்கள் விளிம்பு மாட்டுதல் என்று குறிப்பிடும் இவ்விழுகை முன்னறிவிப்பின்றி, மிகக் குறைந்த வேகத்திலும் நேர்வது. ஸ்கீ கற்பவருக்கு வேகமே பகை என்றால், ஸ்னோபோர்டு கற்பவரை வேகமின்மையும் வீழ்த்தும். தட்டையான, மிக மென்சரிவான இடமே புதியவருக்குப் பாதுகாப்பானது என்ற ஸ்கீ பள்ளியின் எண்ணம் இங்கு பாதி மட்டுமே பொருந்தியது.

ஸ்கீ தலங்களின் தயக்கத்துக்குப் பண்பாட்டு வெறுப்பை, அதாவது முரட்டு இளைஞர்கள் மீது பணம்படைத்த வாடிக்கையாளர்கள் கொண்ட அருவருப்பை, காரணமாகச் சொல்வது வழக்கம். அதில் உண்மையுண்டு, ஆனால் காப்பீட்டுக் கட்டணம் பற்றிய அச்சத்தை விட்டுவிட்டால் கதை முழுமை பெறாது. வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் மலையில் 1974இல் ஒரு தொடக்கநிலை ஸ்கீ மாணவர், புதியவர்களுக்கென ஒதுக்கிய பாதையிலேயே, பனிக்குள் மறைந்திருந்த புதரில் ஸ்கீ மாட்டி விழுந்து கைகால்கள் செயலிழந்தார். நடுவர் குழு அவருக்கு 15 இலட்சம் டாலர் இழப்பீடு விதிக்க, 1978இல் மாநில உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதே ஆண்டில், விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்தை ஏற்றுக்கொண்டே ஒருவர் ஈடுபடுகிறார் என்று மாநிலச் சட்டமன்றம் சட்டமியற்றியது என்றாலும், கற்றுக்குட்டியின் வீழ்ச்சி ஒரு தலத்தை எவ்வளவு தூரம் உலுக்கும் என்பதை அத்தொழில் மறக்கவில்லை. இந்தச் சூழலில், நிறுத்தும் வழியே இல்லாததுபோல் தோன்றிய ஒரு பலகையை எவர் வரவேற்பார்?

வரலாற்றின் வினோதம், முதலில் வரவேற்ற பெரிய தலங்களுள் ஒன்று அதே ஸ்ட்ராட்டன்தான். 1982இல் வெர்மான்டின் சூசைட் சிக்ஸ் என்னும் சிறு மலையில் தேசிய அளவிலான பந்தயம் ஒன்று நடந்தது (உட்ஸ்டாக்கின் முதல் இழுகயிற்றை எடுத்து நடத்திய பன்னி பெர்ட்ராம் என்பவர் 1936இல் தொடங்கிய மலை அது). மறு ஆண்டில் ஜேக் பர்ட்டனின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஸ்ட்ராட்டன் தன் லிஃப்டுகளில் ஸ்னோபோர்டை அனுமதித்தது. அனுமதி நிபந்தனையின்றி வரவில்லை. அங்கும் அதைப் பின்பற்றிய பல தலங்களிலும், பலகையோடு வருபவர் ஊழியர் ஒருவர் முன்னிலையில் இரு பக்கமும் திரும்பவும் வேண்டியபோது நிற்கவும் தெரியும் என்று செய்து காட்டி, அதற்கான அட்டையைப் பெற்ற பின்னரே லிஃப்டில் ஏற முடிந்தது. 1985இல் கூட அமெரிக்க ஸ்கீ தலங்களில் ஏறத்தாழ 7 சதவீதமே ஸ்னோபோர்டை ஏற்றிருந்தன.

இந்த அட்டைத் தேர்வை அவமதிப்பாகவே அன்றைய ஸ்னோபோர்டர்கள் பார்த்தார்கள். ஸ்கீயோடு வந்தவர் எவரிடமும் அப்படிக் கேட்கப்படவில்லை என்பதால் அவர்கள் மனக்குறைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் தேர்வு இருந்தால் தேர்வுக்குரிய பாடம் வேண்டும், பாடம் வேண்டுமானால் அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும். மலையேறித் தாமே கற்ற இருபது வயதுக்காரர்கள் ஸ்கீ பள்ளியின் சீருடையை அணிந்தது இந்த வழியாகத்தான். ஷ்னைடரின் வகுப்புப் பிரிவினையும் படிநிலையும் அப்படியே கைமாறின, கைமாறாதது கலப்பை. அதன் இடத்தை நிரப்பவேண்டிய பொறுப்பு இந்தப் புதிய ஆசிரியர்கள் மேல் விழுந்தது.

அவர்கள் கண்டடைந்த விடை பக்கச்சறுக்கு. பலகையைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, மேல்விளிம்பை மட்டும் பனியில் பதித்து நின்றால் பலகை நகராது. அந்தச் சாய்வை அணுவணுவாகத் தளர்த்தினால் பலகை பனியைச் சுரண்டியபடி நேர்கீழாக இறங்கும். மீண்டும் இறுக்கினால் நிற்கும். ஸ்கீ பாடத்தில் நடுவில் எங்கோ வந்துபோன ஒரு பயிற்சி இங்கே அடித்தளமாயிற்று. அடுத்த படிக்கு உதிர் இலை என்று பெயர்: விளிம்பை மாற்றாமலே, எடையையும் பார்வையையும் இடப்பக்கம் செலுத்தினால் பலகை இடமாகச் சரிந்து செல்லும், வலப்பக்கம் செலுத்தினால் திரும்பி வலமாக வரும், காற்றில் அலைந்து இறங்கும் இலையைப் போலச் சரிவு முழுவதையும் இப்படியே கடந்துவிடலாம். குதிகால் விளிம்பில் இதைக் கற்ற மாணவர் எந்தச் சரிவிலிருந்தும் பத்திரமாகக் கீழே வந்துவிட முடியும் என்பதால், தலத்தின் நோக்கில் இதுவே போதுமானது. பாடத்தின் நோக்கில் இது ஒரு கண்ணியும்கூட: முகம் கீழ்நோக்கியிருக்கும் குதிகால் விளிம்பின் வசதியை விட மனமின்றி, திருப்பம் கற்காமலே பருவம் முழுவதையும் கழிப்பவர்கள் எல்லாத் தலங்களிலும் காணப்படுகிறார்கள், அவர்கள் சுரண்டிய பனி சரிவின் நடுவில் வழுக்குப் பாளமாகி, பின்னால் வருபவர்களின் ஏச்சைச் சம்பாதிக்கிறது.

இப்படிகளுக்கு முன்னால் வேறு சில சேர்க்கப்பட்டன. இடக்காலை முன்வைப்பவர் ரெகுலர், வலக்காலை முன்வைப்பவர் கூஃபி என்னும் பாகுபாடு கடலலைச் சறுக்கிலிருந்து வந்தது. புதியவர் எவ்வகை என்று அறிய, பின்னாலிருந்து இலேசாகத் தள்ளி எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார் என்று பார்ப்பது பயிற்றுநர்களின் பழக்கமாயிற்று. நாற்காலி லிஃப்டு ஸ்கீக்காக வடிவமைக்கப்பட்டதாதலால், அதிலிருந்து இறங்குவதே ஒரு தனிப்பாடமாயிற்று: பின்காலை அவிழ்த்து, முன்கால் மட்டும் பிணைந்த நிலையில் அமர்ந்து சென்று, உச்சியில் பலகையை முன்நோக்கி நேராக்கி, அவிழ்ந்த பாதத்தை இரு பிணைப்புகளுக்கும் நடுவே உள்ள சொரசொரப்பான பட்டையில் வைத்து எழுந்து வழுக்கிச் செல்ல வேண்டும். முதல் நாள் விழுகைகளில் கணிசமானவை சரிவிலன்றி இந்தச் சிறு இறக்கத்திலேயே நிகழ்கின்றன.

விழுந்தவர்கள் கையை ஊன்றினார்கள், மணிக்கட்டு முறிந்தது. ஸ்கீயில் முழங்கால் எப்படியோ ஸ்னோபோர்டில் மணிக்கட்டு அப்படி என்பதும், காயமுற்றோரில் தொடக்கநிலையினர் மிகுதி என்பதும் 1990களின் மருத்துவ ஆய்வுகளில் தெளிவாயின. நார்வேயில் 5029 ஸ்னோபோர்டர்களை இரு பிரிவாக்கி நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டுக் காப்பு அணிந்த பிரிவில் 8 பேருக்கும் அணியாத பிரிவில் 29 பேருக்கும் மணிக்கட்டுக் காயம் நேர்ந்திருந்தது. விரல்களை மடக்கி, முன்கையை மார்போடு அணைத்து விழுவது எப்படி என்பதைத் திருப்பத்துக்கு முன்பே கற்பிக்கும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது.

1997இல் அமெரிக்காவில் ஸ்னோபோர்டு பயிற்றுநர்களுக்கென ஒரு சங்கம் ஸ்கீ சங்கத்தின் அரவணைப்பிலேயே அமைந்தது; 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு இடம்பெற்றது. அதற்குள் அமெரிக்காவின் பெரும்பாலான தலங்கள் தடையை விலக்கிக்கொண்டுவிட்டன. அட்டைத் தேர்வு ஓசையின்றி மறைந்தது. கட்டுப்படுத்த முடியாத பலகை என்ற வாதம் இவ்வாறு வலுவிழந்தபின், எஞ்சியது விருப்புவெறுப்பு மட்டுமே. நியூ மெக்ஸிகோவின் தாவோஸ் 2008இல் விட்டுக்கொடுத்தது. யூட்டாவின் ஆல்டா, டீர் வேலி, வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்றும் தடையைத் தொடர்ந்தன. மத்திய அரசின் வனநிலத்தில் இயங்கும் ஆல்டா இப்படித் தடுப்பது சமத்துவ உரிமைக்கு முரண் என்று 2014இல் தொடுத்த வழக்கை, அத்தடை தனியார் நிறுவனத்தின் முடிவேயன்றி அரசின் செயலன்று என்று கூறி நீதிமன்றம் தள்ளியது. 2016இல் மேல்முறையீடும் தோற்றது.

திறந்த தலங்களுக்கு வேறொரு கவலை வந்தது: முதல் நாள் வந்தவர்கள் மறுபடி வருவதில்லை. ஸ்கீயும் ஸ்னோபோர்டும் சேர்த்து, புதிதாக முயல்வோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவரே நிலைக்கிறார் என்று 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க ஸ்கீ தலங்களின் சங்கம் கணித்தது. உடலைப் பழக்குவதோடு கருவியையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதற்குச் சற்று முன்னரே தோன்றியிருந்தது. 1990களின் இறுதியில் பர்ட்டன் நிறுவனம் கற்பவர்களுக்கெனத் தனிப் பலகைகளைப் பயிற்சிப் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கியது. அவை இலகுவாக வளைந்தன; அவற்றின் விளிம்புகள் பனிமட்டத்திலிருந்து சற்றே மேல்நோக்கிச் சீவப்பட்டிருந்ததால் பலகை தட்டையானாலும் கீழ்விளிம்பு எளிதில் மாட்டவில்லை. மூன்று வயதுக் குழந்தைகளுக்கான பயிற்சித் திடல்களில் பலகையின் முன்முனையில் சுருள்கயிறு ஒன்றைப் பூட்டி ஆசிரியர் இழுத்துச் செல்லும் முறையும் புழக்கத்துக்கு வந்தது. பாப்பன் பூட்டிய கயிறு சறுக்குபவர் கையில் இருந்தது, இதுவோ கற்பிப்பவர் கையில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பள்ளி என்ற அமைப்பு இவ்விளையாட்டுக்குள் எவ்வளவு ஆழமாக நுழைந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2010களில் மாற்றம் நிலத்துக்கே சென்றது. பனியைச் சீர்செய்யும் இயந்திரங்களைக் கொண்டு தொடக்கச் சரிவில் ஆழமற்ற குழிவுகளையும் சிறு மேடுகளையும் வளைந்த கரைகளையும் அமைத்து, இறங்குபவரை எதிர்மேடு தானாகவே நிறுத்தும்படியும், கரை தானாகவே திருப்பும்படியும் செய்யும் முறை பல தலங்களில் பரவியது. நிறுத்தும் வேலையை மேடே செய்வதால், விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அச்சமின்றிப் பலகையைத் தட்டையாக ஓடவிட மாணவர் முதல் மணிநேரத்திலேயே துணிகிறார். ஸ்கீ பள்ளிகளும் தம் புதியவர்களை இதே குழிவுகளுக்கு அழைத்துவரத் தொடங்கின. அங்கே நேராகச் சறுக்குவதை முதலில் கற்பித்து, ஷ்னைடர் காலத்திலிருந்து முதல் பாடமாக இருந்துவந்த கலப்பை நிலையைப் பின்னுக்குத் தள்ளிவைக்கும் பயிற்றுநர்களும் இப்போது உண்டு.